பூட்டை இன்னும் ஆறு மாதம் நீட்டித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் மென்பொருளின் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 14 அன்று டெலிகிராம் குழுவில் நீங்கள் போட்ட ஒற்றை வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிரலையும் ஆவணங்களையும் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், நம் களஞ்சியத்தில் புதியவர்களுக்கான கட்டுப்பாடு மேலும் ஆறு மாதம் தொடரும் என்றீர்கள். அவ்வளவுதான். ஏன் என்று இல்லை, யாரிடம் கேட்பது என்றும் இல்லை. கீழே பதினைந்து பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். பதினைந்து பேரும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்.

அன்றைக்குச் சித்திரை ஒன்று. அக்டோபர் 14-இல் போட்ட பூட்டு ஆறு மாதத்தில் தானாகத் திறந்துகொள்ளும் என்று நீங்கள் சொல்லியிருந்ததை நாள் எண்ணி வைத்திருந்தேன். காலையில் வேப்பம்பூவை வறுத்து இறக்கிய கையோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. நேரக்கணக்கு வித்தியாசமாக இருக்கும், சாயங்காலம் பார்க்கலாம் என்று எழுந்து போனேன். மதியம்தான் உங்கள் அறிவிப்பு வந்தது.

எந்த மென்பொருள் என்று இங்கே பெயர் போடவில்லை. உங்களுக்குத் தெரியும். வெளியில் படிப்பவர்கள் பெயரைப் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்தாமல் ஒதுங்கிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அது நல்ல மென்பொருள். ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் பக்கம் பக்கமாகப் பிரித்து, படத்தில் இருக்கும் எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் என்ற ஓசிஆர் பொறியிடம் கொடுத்து வாங்கி, திருத்துவதற்குத் தோதாக எழுத்தாக்கித் தருகிறது. காசு கிடையாது. தமிழர்கள் சேர்ந்து ராத்திரி கண்விழித்து எழுதியது. அதனால்தான் தமிழிலேயே எழுதுகிறேன், கோபத்தோடும் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பூட்டு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்கே தெரியவில்லை என்று சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் உங்கள் கணக்கிலிருந்து பார்த்தால் எல்லாம் திறந்துதான் தெரியும். ஊடாட்டத்துக்கு வரம்பு வைக்க கிட்ஹப் ஓர் ஏற்பாடு தருகிறது. 24 மணி நேரம், 3 நாள், ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம் என்று காலம் தேர்ந்தெடுக்கலாம். யாருக்கு அனுமதி என்பதிலும் படிகள் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்தது ‘முன்பே பங்களித்தவர்கள் மட்டும்’. அதாவது களஞ்சியத்தின் முதன்மைக் கிளையில் அவர் செய்த ஒரு மாற்றமாவது (அதைக் கமிட் என்பார்கள்) ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லாதவர் புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்) போட முடியாது, இஷ்யூ (பிழையைச் சொல்லும் பதிவு) திறக்க முடியாது. ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் சொந்த புல் ரிக்வெஸ்ட்டின் கீழே ஒரு பதில்கூட எழுத முடியாது. பங்களிக்க வேண்டுமானால் முன்பே பங்களித்திருக்க வேண்டும். நீச்சல் தெரிந்த பிறகு குளத்தில் இறங்கு என்பார்களே, அந்த மாதிரி.

என் கதை இது. கும்பகோணம் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியை. நிரல் எழுதத் தெரியாது. அப்பா விட்டுப்போன இரண்டு பீரோ புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. தலபுராணச் சிறுவெளியீடுகள், கும்பாபிஷேக மலர்கள், நாலைந்து இதழோடு நின்றுபோன சிற்றிதழ்கள். பல ஊர்களில் இவற்றுக்கு இன்னொரு பிரதி இருக்குமா என்பதே சந்தேகம். கறையான் முந்திக்கொள்வதற்குள் எழுத்தாக்கிவிட வேண்டும் என்று போன ஆகஸ்டில் உங்கள் மென்பொருளை இறக்கினேன்.

மூன்று ராத்திரி போனது.

உங்கள் நிறுவல் பக்கத்தில் விண்டோஸுக்கு இரண்டே வரி. டெசராக்டை நிறுவவும், தமிழ்த் தரவு இருப்பதை உறுதிசெய்யவும். டெசராக்டை நிறுவினேன். ஓட்டினால் டி-ஏ-எம் என்ற மொழியை ஏற்ற முடியவில்லை என்று சிவப்பில் வந்தது. அந்த மூன்று ஆங்கில எழுத்துதான் தமிழ் என்பதே எனக்கு அப்போது தெரியாது, ஏதோ கோப்பு கெட்டிருக்கிறது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். மறுபடியும் அதே சிவப்பு. இரண்டாம் நாள் ராத்திரிதான் புரிந்தது. விண்டோஸுக்கான நிறுவியை ஜெர்மனியில் மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் தயாரித்துத் தருகிறது. (ஒரு நூலகம் தன் பழைய செய்தித்தாள்களுக்காகச் செய்ததை உலகத்துக்கே கொடுத்திருக்கிறது. இதை அறிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்த எரிச்சலிலும்.) அந்த நிறுவி ஓடும்போது நடுவில் ஒரு பட்டியல் வரும். அதில் ‘கூடுதல் மொழித் தரவு’ என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னக் கூட்டல் குறி. அதை அழுத்தி விரித்து, நீளப் பட்டியலில் இறங்கி, தெலுங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் தமிழுக்கு எதிரே டிக் போட வேண்டும். சும்மா ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திப் போனால் தமிழ் வராது.

சரி, டிக் போட்டேன். அப்புறமும் அதே சிவப்பு. ஏனென்றால் அந்தப் பட்டியலில் ‘கூடுதல் எழுத்துமுறைத் தரவு’ என்று இன்னொன்று இருக்கிறது, அதிலும் தமிழ் இருக்கிறது. நான் டிக் போட்டது அதில். இரண்டும் வேறுவேறு கோப்பு. உங்கள் மென்பொருள் தேடுவது மொழித் தரவை. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு முதல் பக்கம் எழுத்தாகி வந்தது. அப்பா பென்சிலால் அடிக்கோடிட்டிருந்த ஒரு வெண்பா. சீர் பிரிந்து கிடந்தது, ஆனால் வெண்பாதான்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு தமிழ்க் குழப்பம் உங்கள் ஒருவருக்கும் நினைவில் இருக்காது. உங்கள் கணினியில் தமிழ்த் தரவு ஏறி வருஷக்கணக்கு ஆகியிருக்கும். உங்களில் பெரும்பாலோர் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள். அங்கே தமிழுக்கென்று தனிப் பொதி இருக்கிறது, ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடும். ஆக இந்தப் பள்ளம் விண்டோஸில் முதல்முறை நிறுவுபவருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் விழுந்த வாரத்தில் மட்டும். இன்னும் ஆறு மாதம் கழித்து என்னிடம் கேட்டால் நானே மறந்திருப்பேன்.

அதனால் மறப்பதற்கு முன்னால் விண்டோஸில் நிறுவும் வழியை எழுதினேன். கிட்ஹப்பில் கோப்புக்கு மேலே இருக்கும் பென்சில் குறியை அழுத்தினால் உலாவியிலேயே திருத்தலாம், நகல் களஞ்சியத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும் என்று எங்கள் ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கும் ஒரு மாணவி சொல்லிக்கொடுத்தாள். செப்டம்பர் 21-இல் என் முதல் புல் ரிக்வெஸ்ட் போனது. அதில் குறைகள் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு ஸ்கிரீன்ஷாட் படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தேன். கோப்புப் பெயர்களில் இடைவெளி விட்டிருந்தேன். கமிட் செய்தியில் ‘மாற்றம்’ என்று மட்டும் எழுதியிருந்தேன், எதை மாற்றினேன் என்று சொல்லாமல். உங்களில் ஒருவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் சொன்னார். படங்களை ஐந்தாகக் குறைத்தேன், பெயர்களை மாற்றினேன். என்னுடைய நாற்பத்தாறு வயதில் என் கட்டுரையை ஒருவர் திருத்துவது நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் இவ்வளவு மரியாதையாகத் திருத்துகிறேனா என்றுகூட யோசித்தேன்.

அக்டோபர் 14-இல் பூட்டு விழுந்தது. எனக்குத் தெரியாது.

அக்டோபர் 22-இல் அதே நண்பர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “விண்டோஸ் 10-இலும் இதே திரைதான் வருகிறதா?” பதில் ஒரே சொல். எழுதப் போனால் பதில் எழுதும் பெட்டியே இல்லை. இந்தக் களஞ்சியத்தில் ஊடாட்டம் வரம்புக்குட்பட்டது என்று ஓர் அறிவிப்பு இருந்தது. நான்தான் ஏதோ தப்பு செய்து தடை வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். வகுப்பில் பெயர் எழுதிப் போட்ட பிள்ளை மாதிரி இரண்டு நாள் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம் டெலிகிராம் குழுவில் கேட்டேன். “அந்த பி.ஆருக்குக் கீழேயே சொல்லுங்க அக்கா, அப்பதான் ரெக்கார்டு இருக்கும்” என்று பதில் வந்தது. பி.ஆர். என்றால் புல் ரிக்வெஸ்ட்தான். அங்கேதான் எழுத முடியவில்லை என்றேன். “ஓ, லிமிட் இருக்குல்ல” என்றார். அதற்குள் இன்னொருவர் ஏதோ மாநாட்டுக்கு ரயில் டிக்கெட் பற்றிக் கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு முறை மறுபடி நினைவூட்டினேன். மூன்றாவது முறை நச்சரிப்பதாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மிச்சத்தைத் தானியங்கி முடித்தது. ஒரு புல் ரிக்வெஸ்ட் 60 நாள் சத்தமில்லாமல் கிடந்தால் ‘தேங்கியது’ என்று சீட்டு ஒட்டுவது, அப்புறம் 7 நாள் பார்த்துவிட்டு மூடுவது என்று அதற்கு நீங்கள் கட்டளை கொடுத்திருக்கிறீர்கள். டிசம்பர் 21-இல் சீட்டு ஒட்டியது. 28-இல், அரையாண்டு விடுமுறையில் நான் வீட்டில் இருந்த நாளில், மூடியது. பங்களிப்பாளரிடமிருந்து பதில் வராததால் மூடப்படுகிறது என்று எழுதியிருந்தது. பதில் சொல்ல விடாமல் வாயைப் பொத்திவிட்டு, பதில் வரவில்லை என்று கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். அதைச் செய்தது தானியங்கிதான், மனிதர் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. அதற்கு அப்படிக் கட்டளை எழுதியவர் மனிதர்.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. அக்டோபர் முதல் இரண்டு வாரம் களஞ்சியத்தில் என்ன நடந்தது என்று பார்த்தேன். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்து ஒரு புல் ரிக்வெஸ்ட், அதை எடுத்து இன்னொன்று. ஒருவர் தன் பெயரையும் கல்லூரியையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இயந்திரம் எழுதிக் கொடுத்ததை வாசிக்காமலே ஒட்டியவர்களும் உண்டு. இரவில் வேலை முடிந்து வந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடுவது எவ்வளவு அலுப்பு என்று நூற்றுக்கணக்கில் விடைத்தாள் திருத்துகிறவளுக்குப் புரியும்.

ஆனால் இது உங்களுக்கு மட்டும் வந்த வெள்ளமா? டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் நடத்தும், நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள்களுக்குப் பங்களிக்க அழைக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் விழா 2020-இல் எப்படி நாறியது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பரிசு டி-ஷர்ட்டுக்காக ஒரு வரி மாற்றங்கள் குவிந்தன, பராமரிப்பாளர்கள் கதறினார்கள். மூன்றே நாளில், அக்டோபர் 3-ஆம் தேதி, நடத்தியவர்கள் விதியை மாற்றினார்கள். விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களுக்குப் போகும் பங்களிப்புதான் கணக்கில் வரும், விருப்பத்தைத் தெரிவிக்க அந்த விழாவின் பெயரையே குறிச்சொல்லாக ஒட்ட வேண்டும் என்றார்கள். இப்போது நம் களஞ்சியத்தின் முகப்பைப் பாருங்கள். அந்தக் குறிச்சொல் இன்றைக்கும் அங்கே ஒட்டியிருக்கிறது. நீங்கள் ஒட்டியதுதான். வாசலில் கோலம் போட்டு வாருங்கள் என்று அழைத்துவிட்டு, கூட்டம் வந்ததும் வீட்டுக்கு உள்ளே இருந்த விருந்தாளியையும் சேர்த்து வெளியே தள்ளிப் பூட்டிவிட்டீர்கள்.

2024-இல் எக்ஸ்பிரஸ் என்ற திறமூல மென்பொருள் திட்டத்தின் ரீட்மீயில் நம் நாட்டு மாணவர்கள் வரிசையாகத் தங்கள் பெயரைச் சேர்க்கப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பாடக் காணொளியில் அந்தக் களஞ்சியத்தை வைத்துச் செய்து காட்டியதை அப்படியே செய்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பழகிப்பார்க்கவென்றே, பெயரைச் சேர்த்துவிட்டு வர, ‘ஃபர்ஸ்ட் கான்ட்ரிபியூஷன்ஸ்’ என்ற களஞ்சியம் தனியாக இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம் பங்களிப்பு வழிகாட்டியிலும் அதற்கு ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் அக்டோபரில் வந்ததில் பாதியாவது அங்கே போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இனி யாரையெல்லாம் பூட்டி வெளியே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. வாழ்நாளில் பாதியை அச்சகத்தில் எழுத்துக் கோத்துக் கழித்தவர். நான் ஸ்கேன் செய்வதைப் பார்க்க வந்து, திரையில் பிழையாக வந்த வரிகளைப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: “டீச்சரம்மா, இது பழைய எழுத்தைத்தான் முழிக்குது.” 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது வடிவம் மாறியவை 13 எழுத்துகள். கால் ஒட்டிச் சுழித்த ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆக ஒன்பது. துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை நான்கு. பழைய புத்தகத்தில் இந்த 13 வருமிடமெல்லாம் மென்பொருள் தடுமாறுகிறது. துதிக்கை லையை ஒரு பக்கத்தில் ஒருமாதிரி வாசித்தால் அடுத்த பக்கத்தில் வேறுமாதிரி. ‘இல்லை’ என்ற சொல் ஒரு தமிழ்ப் பக்கத்தில் எத்தனை தடவை வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் மென்பொருளின் ஆவணத்தில், அதாவது பயன்படுத்துவோருக்கான குறிப்புகளில், ‘1978-க்கு முந்தைய புத்தகங்களுக்கு’ என்று எழுதப்போனேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அரசாணை வந்த மறுநாள் எந்த அச்சகம் ஈயத்தைத் தூக்கிப் போட்டது, கைவசம் இருந்த எழுத்தை வைத்து நாங்கள் எண்பதுகளிலும் கல்யாணப் பத்திரிகை அடித்தோம் என்றார். அதேமாதிரி பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், ஆக முந்தியது என்பதாலேயே பழைய எழுத்து என்றும் சொல்ல முடியாது. ஆண்டைப் பார்க்காதே, முதல் பக்கத்தில் ஒரு ‘லை’யைத் தேடிப் பார், அது போதும் என்றார். இதைவிடச் சுருக்கமான, சரியான பயனர் குறிப்பை உங்களில் யார் எழுதியிருப்பீர்கள்?

நீள நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் 13 எழுத்தையும் பழைய வடிவத்தில் வரைந்தார், கோழிக்குஞ்சுக் கால் மாதிரி மெல்லிய கோட்டில். எதிரே எங்கள் மாதிரிப் பக்கங்களில் மென்பொருள் அவற்றை எப்படியெல்லாம் வாசித்தது என்று நான் நிரப்பினேன். அந்த மாணவி ஒரு குறிப்பு சேர்த்தாள்: யூனிகோட் என்ற கணினி எழுத்துக் குறியீட்டு முறையில் பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறியீடுதான், மாறுவது எழுத்துருவின் வடிவம் மட்டும், ஆகவே திருத்தும்போது சாதாரணமாகத் தட்டினாலே போதும், பழைய வடிவத்தைத் தேடி அலைய வேண்டாம் என்று. மூன்று பேர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரைப் பக்கம். அது இப்போது என் கணினியில் கிடக்கிறது. போட இடமில்லை. மூன்று பேரில் ஒருவரும் ‘முன்பே பங்களித்தவர்’ இல்லை.

பெரியவர் வாரம் ஒருமுறை கேட்கிறார், ஏத்தியாச்சா என்று. பார்த்துக்கிட்டிருக்காங்க ஐயா என்கிறேன். உங்களுக்காகப் பொய் சொல்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

“டாக்ஸ் எல்லாம் இருக்கே” என்று ஆவணங்களைப் பற்றி உங்களில் ஒருவர் மார்ச்சில் எழுதியிருந்தார். இருக்கிறது, கட்டளைகளின் பட்டியல் இருக்கிறது. டேனியேலே ப்ரோசிடா என்பவர் மென்பொருள் ஆவணத்தை நான்காகப் பிரிப்பார். கைபிடித்துச் சொல்லித்தரும் பாடம், ஒரு வேலையை முடிக்கும் வழி, விவரப் பட்டியல், ஏன் இப்படி என்ற விளக்கம். நம்மிடம் இருப்பது மூன்றாவது மட்டும். அகராதி இருக்கிறதே, அரிச்சுவடி எதற்கு என்று கேட்பது மாதிரி இருக்கிறது அந்தப் பேச்சு.

இன்னொருவர், இனிமேல் ஏ.ஐ. எழுதிவிடும், மனிதர் எதற்கு என்றார். பிப்ரவரியில் எழுதியும் விட்டது. புது நிறுவல் பக்கத்தைப் போட்டிருக்கிறீர்கள். மொழி நடை சுத்தமாக இருக்கிறது, என்னுடையதைவிட. அதன் நான்காம் படியில் ‘தமிழைத் தேர்ந்தெடு’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்கிறது. அப்படி ஒரு பொத்தான் எந்தத் திரையிலும் கிடையாது. அந்தப் பக்கத்தைப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் புதுக் கணினியில் அதன்படி நிறுவிப் பார்த்தீர்களா? அக்டோபரில் வாசிக்காமல் ஒட்டியவர்களைத் திட்டினீர்களே. அந்தப் பக்கத்தில் தப்பு என்று சொல்லவும் எனக்கு இஷ்யூ திறக்க முடியவில்லை.

கிட்ஹப் 2017-இல் ஒரு திறமூலக் கருத்துக்கணிப்பு நடத்தியது. அரைகுறையான, பழசாகிப்போன ஆவணங்களைச் சந்தித்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணிப்பில், ஆவணங்களுக்கு எப்போதாவதுதான், அல்லது ஒருபோதும் பங்களிப்பதில்லை என்றவர்கள் பங்களிப்பாளர்களில் 60 சதவீதம். எல்லோரும் குறை சொல்கிற வேலை, யாரும் தொடாத வேலை. நம் மென்பொருளில் அந்த வேலைக்கென்று தானாக வந்து நின்ற மூன்று பேர் ஒரு தமிழாசிரியை, ஒரு மாணவி, ஓய்வுபெற்ற ஓர் அச்சுக்கோப்பாளர். அந்தக் கணிப்பில் இன்னொன்றும் இருந்தது. பதில் சொன்னவர்களில் பெண்கள் 3 சதவீதம். பங்களிப்பு வழிகாட்டி போன்ற தெளிவான ஆவணங்களை அதிகம் மதிப்பதும் அவர்களைப் போல எண்ணிக்கையில் குறைந்தவர்கள்தான் என்றது. இதை நான் விளக்க வேண்டியதில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்ததை மேலே எழுதிவிட்டேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஆறு மாதப் பூட்டை இந்த வாரமே எடுங்கள். வரும் அக்டோபரில் மறுபடி வெள்ளம் வந்தால் மூன்று நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ போடுங்கள், போட்ட அன்றே காரணத்தையும் திறக்கும் தேதியையும் ரீட்மீயின் தலையில் எழுதுங்கள், பூட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுங்கள். அந்த விழாவின் குறிச்சொல்லை முகப்பிலிருந்து கழற்றுங்கள். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், முதல் முறை வருபவருக்கு ஒரு பக்க வழிகாட்டி எழுதிவிட்டு வையுங்கள், பழகிப்பார்க்கும் களஞ்சியத்தின் சுட்டியோடு. எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதுகிறேன்.

பூட்டு இருந்த காலத்தில் தானியங்கி மூடிய புதியவர்களின் புல் ரிக்வெஸ்ட்டுகளை நீங்களே திறக்க வேண்டும். நான் எண்ணியவரை ஏழு, அதில் ஐந்து ஆவணம் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றின் கீழேயும் தவறு எங்களுடையது என்று ஒரு வரி எழுதுங்கள். அவர்களில் சிலராவது என்னைப் போலத் தாங்கள்தான் ஏதோ தப்பு செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆவணம் என்று சீட்டு ஒட்டியவற்றைத் தானியங்கி தொடாதபடி விலக்கு கொடுக்க அதன் அமைப்பிலேயே வழி இருக்கிறது, ஒரு வரி வேலை என்று அந்த மாணவி சொல்கிறாள்.

பிப்ரவரிப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். இனி எந்த நிறுவல் பக்கமும், மனிதர் எழுதியதோ இயந்திரம் எழுதியதோ, இந்த மென்பொருளை இதுவரை தொடாத ஒருவர் அதன்படி நிறுவிப் பார்த்த பிறகே சேர வேண்டும். ஆள் வேண்டுமானால் எங்கள் ஆசிரியர் அறையில் கிடைப்பார்கள், ஒரு காபிக்கு.

ஆவணங்களைச் சேர்க்கும் அதிகாரத்தோடு ஒருவரை நியமியுங்கள். நிரல் பகுதியைத் தொடாமல் ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் பொறுப்பாக இருந்தால் போதும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் சரிபார்த்துக் கொடுக்க நான் தயார். ஆனால் பொறுப்பை அந்த மாணவிக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவளுக்கு கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் என்ற கருவி தெரியும், எனக்குத் தெரியாது.

பங்களிப்பாளர் பட்டியலில் இப்போது நிரல் எழுதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். எழுதியவர், சோதித்தவர், திருத்தியவர் எல்லோரையும் சேர்க்கும் ‘ஆல் கான்ட்ரிபியூட்டர்ஸ்’ முறையைப் பல திட்டங்கள் பின்பற்றுகின்றன. ஆவணத்துக்கு அதில் ஒரு புத்தகச் சின்னமே உண்டு. அதைக் கொண்டுவாருங்கள். பழைய எழுத்துப் பக்கம் சேரும்போது பெரியவரின் பெயரும் அதில் வர வேண்டும். அவருக்கு கிட்ஹப் கணக்கு கிடையாது, அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டுவேன்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று ஜூன் முடிவதற்குள் குழுவில் எழுதுங்கள். முடியாது என்பதையும் எழுதுங்கள். முடியாது என்று தெரிந்தால் அந்த ஒன்றரைப் பக்கத்தை வேறெங்காவது கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நான் என் பீரோவைப் பார்க்கப் போகிறேன்.

அக்டோபர் 22-இல் கேட்ட கேள்விக்கும் பதில் பாக்கி இருக்கிறது. ஆம், விண்டோஸ் 10-இலும் இதே திரைதான். பள்ளி அலுவலகக் கணினியில் அன்றைக்கே நிறுவிப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தமிழாசிரியை